தையல் டீச்சரின் ரயில் பாதை

அந்தத் தையல் டீச்சரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை. எழுதினால் அவருக்குப் பெருமை போய்ச் சேரும். இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான வாத்தியாராக இருந்தேன். பி.எஸ்ஸி., பி.டி. படித்தவன். கடைத்தெருவில் 'சயின்ஸ் சார்' என்றால் என்னைத்தான் காட்டுவார்கள். லேப் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஓர் அறை இருந்தது. அதன் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். ஹெட்மாஸ்டருக்கே தேவைப்பட்டாலும் என்னிடம்தான் ஆள் அனுப்ப வேண்டும். அந்தச் சாவியை நான் எவ்வளவு நேசித்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

டீச்சர் எட்டாம் வகுப்பு முடித்துத் தையல் பயிற்சி பெற்று வந்தவர். சொந்த ஊர் காணை. விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் காலை பாசஞ்சரில் வந்து சாயங்கால பாசஞ்சரில் போவார். கழுத்தில் அளவு டேப் தொங்கும். அதைக் கழற்ற மறந்து அப்படியே ரயிலேறிவிடுவார். புடவைத் தோளில் வெள்ளை நூல் கோத்த ஊசி ஒன்று, கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று. கையில் ஒரு பிஸ்கட் டின். மேல் தட்டில் நூல்கண்டும் பொத்தானும் இருக்கும். கீழ்த் தட்டைத் திறந்தால் டார்ச் பல்புகளும் செம்புக் கம்பியும் பழைய பேட்டரிக் கட்டைகளும் கிடக்கும்.

இப்போது என் பேரன் கடுகளவு எல்.இ.டி. விளக்குகளை வாங்கி வந்து பச்சை, சிவப்பு என்று எரியவிட்டு விளையாடுகிறான். அப்போது அதெல்லாம் ஏது? வேடிக்கைக்காக மின்சாரம் பழக நினைத்தவர்களுக்கு டார்ச் பல்பும் பேட்டரிக் கட்டையும்தான் கதி. அந்த வேடிக்கை டீச்சருக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லுவார், நான் நின்று கேட்க வேண்டியிருக்கும்.

அவரிடம் என்னை அதிகம் எரியவைத்தது அவர் கைத்திறன் அல்ல. ஒரே ஒரு வார்த்தை. "தெரியல." இதை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் 'இன்னும் இல்ல' என்று சொல்கிற மாதிரிச் சொல்லுவார். ஹெட்மாஸ்டரிடமும் சொல்லுவார், ஆறாம் வகுப்புப் பிள்ளையிடமும் சொல்லுவார். எனக்கு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டாது. வகுப்பில் யாராவது எனக்குத் தெரியாததைக் கேட்டால், "அது மேல் வகுப்பில் வரும், உட்கார்" என்பேன். மேல் வகுப்பிலும் நான்தான் வாத்தியார். அங்கே கேட்டால், "அது கீழ் வகுப்பிலேயே படித்திருக்க வேண்டும்" என்பேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் ஆசிரியர் அறையில் என் எதிரே வந்து நின்றார். கையில் ஒரு டார்ச் லைட்.

"சார், இதுல மேல பல்பு இருக்கு, உள்ள கட்டை இருக்கு. கட்டையோட மூக்கு பல்பைத் தொடுது, அது சரி. கட்டையோட அடிலேருந்து பல்புக்குத் திரும்பி வர்ற வழி எங்க சார் இருக்கு?"

மின்சுற்றின் இலக்கணத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது புரியுது சார். இந்த டார்ச்சுல அது எங்க இருக்கு? கம்பியே காணமே."

"உள்ளே மறைவாக இருக்கும் டீச்சர்" என்றேன்.

மறுநாள் காலை ரயிலிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "சார், மறைவா ஒண்ணுமே இல்ல. அண்ணனோட டார்ச்சைக் கழட்டிப் பாத்துட்டேன். அந்தத் தகரக் கூடுதான் சார் வழி! அடில ஸ்பிரிங்கு, ஸ்பிரிங்குலேருந்து தகரம், தகரத்துலேருந்து சுவிட்சு, அப்பிடியே பல்பு. அண்ணன்தான் கத்திக்கினு இருக்காரு, திரும்பப் பூட்டத் தெரியல எனக்கு."

எட்டு வருஷம் மின்சுற்று நடத்தியவன் நான். டார்ச்சின் உடம்பே திரும்பி வருகிற வழி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஆமாம் டீச்சர், அதைத்தான் சொன்னேன்" என்றேன். அவரும் அப்படியே நம்பி, "நீங்க சொன்னதாலதான் சார் கழட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பொய்யன் என்று நினைத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

மின்சாரம் அவருக்கு நூல் மாதிரி. கீழே போன ஊசி மேலே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தையல் நிற்காது என்பார். புதிதாக எதைச் செய்தாலும் கட்டையை மாட்டுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்றுப் போய் வருவார். "போற வழி இருக்கு... வர்ற வழி எங்க? ஆங், இருக்கு." பிறகுதான் மாட்டுவார். மாட்டினால் எரியும். என் லேபில் நான் முதலில் மாட்டிவிடுவேன். எரியாது. பிறகு கம்பியைத் திட்டுவேன்.

பழைய கட்டையில் இன்னும் சத்து இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த கருவி நாக்கு. இரண்டு பக்கமும் கம்பி வைத்து, அந்த நுனிகளை நாக்கில் தொடுவார். "புளிக்குது சார், இன்னும் ஒரு வாரம் தாங்கும்." சத்து இல்லையென்றால் "சப்புன்னு கீது" என்று ஓரமாகப் போடுவார். என்னிடம் வோல்ட் மீட்டர் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அதற்கு இரண்டு வருஷமாக முள் ஆடவில்லை.

என் மின்சார மணியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது நானே செய்தது. ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்புக்கு அதை அடித்துக் காட்டுவேன். ஒரு வருஷம் பிள்ளைகள் எதிரில் அடிக்கவே இல்லை. நான் அங்கே தட்டுகிறேன், இங்கே தட்டுகிறேன், வேர்த்துக் கொட்டுகிறது. வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த டீச்சர் நின்று பார்த்தார். "சார், நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றார். நாற்பது பிள்ளைகள் எதிரில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? டின்னிலிருந்து ஊசி தேய்க்கிற உப்புத்தாளை எடுத்து, மணியின் திருகு முனையில் நாலு தேய் தேய்த்தார். மணி அடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை, "டீச்சர், ஏன் முன்னாடி அடிக்கல?" என்று கேட்டது.

"எனக்குத் தெரியல. துரு இருந்தா ஊசியே துணில எறங்காதே, அதான் தேச்சுப் பாத்தேன். ஏன்னு சார் சொல்லுவாரு" என்றார்.

நான் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவர்தான். எங்கள் வீட்டு டார்ச் ஆறு மாதமாக எரியவில்லை. நான் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்திருந்தேன். என் மனைவி காய்கறிக் கடையில் டீச்சரைப் பார்த்துக் கொடுத்துவிட்டாள். மறுநாளே எரிந்துகொண்டு வந்தது.

"அந்தம்மா எனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக்கினே ரிப்பேர் பண்ணிட்டாங்க. நீங்க எல்லாம் தெரியும்னு சொல்லிக்கினே ஆறு மாசமா வெச்சிக்கினு இருந்தீங்க" என்றாள். அன்று ராத்திரி நான் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

அந்த வருஷம் விழுப்புரத்தில் பள்ளிக்கூடங்களுக்கான விஞ்ஞானப் பொருட்காட்சி வந்தது. ஒரு பள்ளிக்கு ஒரு பொருள்தான். வழக்கம்போல என் மணிதான் என்று துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். டீச்சர் ஹெட்மாஸ்டர் அறைக்கு ஒரு துணியைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டார்.

தடித்த காடாத் துணி. அதில் பச்சை நூலில் வயல், நீல நூலில் ஏரி. நடுவில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ரயில் பாதை. அந்தப் பாதை நூல் அல்ல, செம்புக் கம்பி. மேலுறையை உரித்து, இழை இழையாகப் பிரித்து, ஊசியில் கோத்துத் தைத்திருந்தார். பார்க்கத் தண்டவாளம் மாதிரியே மின்னியது. விழுப்புரம், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று ஆறு ஸ்டேஷனிலும் ஆறு டார்ச் பல்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், குழந்தைகள் கவுனுக்குத் தைக்கிற பிரஸ் பட்டன். அதுதான் சுவிட்சு. 'மயிலம்' என்று பட்டனை அமுக்கினால் மயிலம் எரியும். கீழே ஒரு சின்னப் பையில் இரண்டு கட்டை. மின்சாரம் முன்பக்கத் தண்டவாளத்தில் போய், பல்பு வழியாக, துணியின் பின்பக்கம் தைத்திருந்த இன்னொரு கம்பியில் திரும்பி வந்தது. போகிற வழி முன்னால், வருகிற வழி பின்னால், நடுவில் துணி.

இப்படி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

ஹெட்மாஸ்டர் ஆறு ஸ்டேஷனையும் மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், உங்க மணி போன வருஷமும் போச்சு, அதுக்கு முந்தின வருஷமும் போச்சு. இந்த வாட்டி டீச்சர் துணி போகட்டும். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் இதைப் பத்தி நல்லபடியா ரெண்டு வரி எழுதிட்டாருன்னா, சாயங்காலத்துல டீச்சரே பிள்ளைங்களுக்கு இந்த வேலையைக் கத்துக்குடுக்கட்டும். லேபுக்கு இன்னொரு சாவி போட்டு அவங்க கையில குடுத்துடறேன்."

டீச்சரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நெசமாவா சார்? ஒரு மேசை போதும் சார் எனக்கு" என்றார். என் கை தானாக இடுப்புக்குப் போனது.

பொருட்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் துணியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ரயில் ஆட்டத்தில் விழுந்துவிடாமல் இருக்கப் புதுக் கட்டை இரண்டையும் பையில் போட்டு அதன் வாயைத் தைத்துவிட்டார். "மடிச்சா கம்பி முறிஞ்சிடும் சார், சுருட்டிக்கறேன். அந்த முனைய செத்தப் பிடிங்க" என்றார்.

பிடித்தேன். அவர் சுருட்ட ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றில் எனக்குத் தெரிந்துவிட்டது. துணியைச் சுருட்டினால் ஒரு சுற்றின் முன்பக்கம் அடுத்த சுற்றின் பின்பக்கத்தின் மேல் உட்காரும். போகிற கம்பியும் வருகிற கம்பியும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும். நடுவில் பல்பும் இல்லை, பட்டனும் இல்லை. விடிவதற்குள் கட்டை இரண்டும் தீர்ந்துபோகும். வாழ்நாள் முழுக்கத் துணியைக் கசங்காமல் சுருட்டிப் பழகிய கை அவருடையது, அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சுவரில் தொங்கவிட்டு நூறு தடவை சோதித்தவர், சுருட்டி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நடுவில் ஒரு பழைய துணியை வைத்துச் சுருட்டினால் தீர்ந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னும் நல்லா இறுக்கிச் சுத்துங்க டீச்சர். தளர்வாக இருந்தால் கசங்கும்" என்றேன்.

"ஆமா சார்" என்று அவர் இறுக்கி நாடாவால் கட்டினார்.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டரும் நானும் விழுப்புரம் போனோம். டீச்சர் முன்னாலேயே வந்து துணியைத் தொங்கவிட்டிருந்தார். கழுத்தில் அன்றைக்கும் டேப். பொருட்காட்சி அறையின் கதவைத் திறக்கவே நேரமாகிவிட்டதாம், ஆணி அடித்து மாட்டி முடிக்கவும் இன்ஸ்பெக்டர் வரவும் சரியாக இருந்தது. "இதுதான் சார் நாங்க தெனம் வர்ற பாதை" என்று சொல்லி டீச்சர் விழுப்புரத்தை அமுக்கினார். எரியவில்லை. முண்டியம்பாக்கம். விக்கிரவாண்டி. பேரணி. மயிலம். திண்டிவனம் வரை போய்ச் சேர்ந்தார். ஒன்றும் எரியவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியல சார். பாத்துச் சொல்றேன்."

"செய்தது நீங்கதானே? தெரியலைன்னா எப்படி?"

"நான்தான் சார் செஞ்சேன். ஏன் எரியலன்னுதான் தெரியல." பையின் தையலைப் பல்லால் பிரித்துக் கட்டையை எடுத்தார். கம்பி வைத்து நாக்கில் தொட்டார். "சப்புன்னு கீது சார். நேத்துதான் புதுசா போட்டேன்." இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கி ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். டீச்சர் அவசரப்படவில்லை. ஆள்காட்டி விரலைத் தண்டவாளத்தில் வைத்து மெதுவாகப் போக ஆரம்பித்தார். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். எனக்கு அது தெரியும்.

அந்த இரண்டு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. கைகட்டி நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்: "சுருட்டி எடுத்துவந்ததில் முன்பக்கக் கம்பியும் பின்பக்கக் கம்பியும் ஒன்றோடொன்று பட்டிருக்கிறது சார். அதில் கட்டை தீர்ந்துபோயிருக்கும். வேறு கட்டை போட்டால் எரியும்."

காவல்காரரின் டார்ச்சிலிருந்து கட்டையை எடுத்துப் போட்டார்கள். ஆறு ஸ்டேஷனும் எரிந்தது. "பலே! சயின்ஸ் வாத்தியார்னா இப்படி இருக்கணும்" என்று இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, ஆமால்ல! சுருட்டினா முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணாப் பூடுமே! எனக்குத் தோணவே இல்லியே சார்!" அன்று முழுக்கப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க சார்தான் ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சாரு" என்று என்னைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு தடவையும் செருப்பால் அடி வாங்கியது போல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் தன் குறிப்பில் விஞ்ஞான ஆசிரியரின் வழிகாட்டுதலைப் பாராட்டி எழுதினார். அதைப் படித்த ஹெட்மாஸ்டர், "ரெண்டு சாவி எதுக்கு? சாயங்கால வகுப்பை நீங்களே பாத்துக்கங்க சார். டீச்சர் கூடமாட ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார். டீச்சர் சரி என்று தலையாட்டினார். ஒரு சாயங்காலம் எனக்கு வேலை இருந்தது, ஒரு சாயங்காலம் தலைவலி இருந்தது, ஒரு சாயங்காலம் சாவியைக் காணோம். பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டு மாதத்தில் வகுப்பு நின்றுபோயிற்று. அவர் ஒருநாளாவது கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சாருக்கு வேலை சாஸ்தி" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் அவருக்கு விழுப்புரத்துக்கே மாற்றல் வந்தது. கடைசி நாள் சாயங்காலம் வழியனுப்ப ஹெட்மாஸ்டர் என்னை அனுப்பினார். திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வந்து நின்றது. டீச்சர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். மடியில் பிஸ்கட் டின், பக்கத்தில் சுருட்டிய துணி. நான் பிளாட்பாரத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். வண்டி எப்போது எடுப்பான் என்று சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"கேளுங்க டீச்சர்."

"அன்னிக்கு விழுப்புரத்துல நீங்க துணியத் திருப்பிக்கூடப் பாக்கல. கிட்டக்கூட வரல. அங்கியே நின்னுக்கினு சொன்னீங்க. நானும் வீட்ல எத்தினியோ வாட்டி யோசிச்சுப் பாத்துட்டேன். எப்பிடி சார் பாக்காமலே சொன்னீங்க?"

அனுபவம் என்று சொல்லியிருக்கலாம். படிப்பு என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஓர் இலக்கணத்தை அரைமணி நேரம் ஒப்பித்திருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல டீச்சர்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்துக்கு அதைச் சொன்னேன்.

வண்டி ஊதியது. அவர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் என்னிடம் நீட்டினார்.

"இது லேப்லயே இருக்கட்டும் சார். புள்ளைங்களுக்குக் காட்டுங்க" என்றார். வண்டி நகர ஆரம்பித்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். "சுருட்டறப்ப மட்டும் நடுவுல ஒரு பழைய துணி வெச்சிக்கங்க. உங்களுக்குத் தெரியாததா சார்."